எருமை எருமை நிறத்துலதான் இருக்கு

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க தம்பி. அந்த ஓரத்துல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, உட்காரும்போது என் வேட்டியை இழுத்துக் கிழிச்சிடுச்சு. நல்ல பச்சைச் சட்டையா போட்டிருக்கீங்க, வீணாப் போயிடும். என்ன? சிவப்பா? சரி, இருக்கட்டும். இந்த ஜன்னல் கண்ணாடி வழியா வெளிச்சம் வந்தா எல்லாம் மாறித்தான் தெரியும். நான் பெயிண்ட் வியாபாரத்துலயே பொறந்து வளர்ந்தவன். வெளிச்சம் என்னென்ன வேலை காட்டும்னு எனக்குத் தெரியாததா.

பண்ருட்டிக்கா? நானும் அங்கதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தணிகை பெயிண்ட்ஸ்னு ஒரு கடை பாத்திருப்பீங்க. பாத்ததில்லையா? ஊருல எல்லாரும் பாத்திருக்காங்க. வேற கடைக்குப் போறதுக்கு அந்த வழியாத்தான் போவாங்க. நான்தான் தணிகாசலம். எங்கப்பா ஆரம்பிச்ச கடை.

இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நேத்து சாயங்காலம் மெட்ராஸ்ல ஒரு ஓவியக் கண்காட்சி, அங்க குடுத்த புத்தகம். கலிவரதன்னு போட்டிருக்கு பாருங்க, அது என் மச்சினன். என் சம்சாரம் அஞ்சலாட்சிக்குக் கூடப் பொறந்த தம்பி. அதுக்குக் கீழ இருக்கிறதை வாய்விட்டுப் படிங்க. "இயற்கையின் நிறங்களைத் துணிந்து மறுத்த கலகக்காரர். வான்கோவின் வழியில் வந்த பின்-உணர்வுப்பதிவு (போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்) ஓவியர்." படிச்சீங்களா? எங்க மறுத்தான்? எந்த நிறத்தை மறுத்தான்? நேத்து சாயங்காலத்துல இருந்து பாக்குறவங்களை எல்லாம் இதைத்தான் கேக்குறேன். அவன் உள்ளதை உள்ளபடி வரையிறவன் தம்பி. ஏரின்னா ஏரி, எருமைன்னா எருமை. அந்தக் கைக்குப் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பான். கலகமாம்.

உங்களுக்குத் தூக்கம் வரலையே? அப்ப முதல்ல இருந்தே சொல்லிடறேன்.

இப்ப எல்லாப் பெயிண்ட் கடையிலயும் கம்ப்யூட்டர் மிஷின் வந்துடுச்சு. நம்பரைத் தட்டினா அதுவே சொட்டு சொட்டா சாயத்தை விட்டுக் கலக்கிக் குடுத்துடும். என் கடையில அது கிடையாது. எங்கப்பா கையால கலந்தார், நானும் கையாலதான் கலக்குறேன். வெள்ளைப் பெயிண்ட்டுல சாயத்தை ஊத்திக் கட்டையால கிண்டி, கண்ணால பாத்துப் பாத்து நிறத்தைக் கொண்டு வரணும். இன்னும் ஒரு சொட்டா, ரெண்டு சொட்டான்னு மனசுக்குள்ள ஒரு மணி அடிக்கும். அடிச்சதும் நிறுத்திடணும். நிறுத்தி, டின்னு மூடி மேல பேரை எழுதிடுவேன். சாம்பல், ஆகாய நீலம், தென்னம்பச்சை, சந்தனம். எழுதிட்டா எழுதினதுதான்.

கலக்குறதுல ஒரு குறையும் கிடையாது. குறை எல்லாம் வாங்குறவங்ககிட்டதான். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் காம்பவுண்டு சுவருக்குச் சாம்பல் கேட்டு வாங்கிட்டுப் போனார். ரெண்டு பக்கம் அடிச்சு முடிச்சுட்டு, மிச்ச டின்னைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறார். "தணிகாசலம், ரோஸ் கலர் குடுத்திருக்கியே, பஞ்சு மிட்டாய்க் கடைன்னு நினைச்சு பசங்க வாசல்ல வந்து நிக்குதுங்க" அப்படீங்கிறார். நான் எட்டிப் பாத்தேன். சாம்பல்னா சாம்பல், அடுப்புல இருந்து அள்ளின மாதிரி இருக்கு. வயசாச்சு, கண்ணு போயிடுச்சு மனுஷனுக்கு. பாவம்னு டின்னை வாங்கி வெச்சுக்கிட்டேன்.

அதையாவது விடுங்க. ஒரு கட்சிக்காரங்க வந்தாங்க. கொடிமேடைக்கு அவங்க கட்சிச் சிவப்பு வேணும், சாதாச் சிவப்பு இல்ல, கொஞ்சம் அடர்த்தியா வேணும்னாங்க. நானே நின்னு கலந்து குடுத்தேன். மறுநாள் மாவட்டம் வந்து கொடி ஏத்தணும், காலையில கரைவேட்டி கட்டின ஒரு கும்பலே கடைக்கு வந்துடுச்சு. ராத்திரி அவசரத்துல அடிச்சாங்களாம், விடிஞ்சு பாத்தா மேடை எதிர்க்கட்சி மேடையா ஆயிடுச்சாம். பச்சையாம். "எவ்வளவுய்யா வாங்கின அவனுங்ககிட்ட" அப்படின்னு சட்டையைப் பிடிச்சுட்டாங்க. அஞ்சலாட்சிதான் குறுக்க வந்து, மோர் குடுத்து, சமாதானம் பேசி அனுப்பினா.

ஆமாம் தம்பி, அவதான் எப்பவும் பேசுவா. யாராவது டின்னைத் தூக்கிக்கிட்டு தெருமுனை திரும்பினாலே எழுந்து வாசலுக்குப் போயிடுவா. நான் கல்லாவுலயே உட்கார்ந்திருப்பேன். அவங்க போனதும் என்கிட்ட வந்து, "உங்க கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" அப்பிடிம்பா. எதுக்குக் காட்டணும்? தெருக்கோடியில வர்ற பஸ்ஸுல என்ன போர்டு போட்டிருக்குன்னு இங்க இருந்தே படிச்சுடுவேன். கண்ணாடி கூடப் போட்டதில்ல. கண்ணுல கோளாறு இருக்கிறவனுக்கு எழுத்து தெரியுமா, நீங்களே சொல்லுங்க.

இப்படித் திரும்பி வந்த டின்னுங்க கடைக்குப் பின்னால இருக்கிற ரூம்ல சேர்ந்து சேர்ந்து, கதவைத் திறக்க முடியாத நிலைமைக்கு வந்துடுச்சு. அந்த நேரத்துலதான் கலிவரதன் ஓவியக் கல்லூரிப் படிப்பை முடிச்சுட்டு, ஒரு ஜோல்னாப் பையோட எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வேலை கிடைக்கிற வரைக்கும் மொட்டைமாடிக் கொட்டகையில இருந்துக்கிறேன் அக்கான்னான். வேலை கிடைக்கல. அவனும் தேடல.

அவன்தான் வான்கோ கதையைச் சொன்னான். அந்த மனுஷன் ஆயுசு முழுக்க வரைஞ்சுக்கிட்டே இருந்தாராம், படம் விக்கவே இல்லையாம். அவரோட தம்பிதான் மாசாமாசம் பணம் அனுப்பிக் காப்பாத்தினாராம். வெயில் நல்லா அடிக்கிற ஊரா தேடிப் போய் உட்கார்ந்து வரைஞ்சாராம். இவன் சாதம் போடச் சொல்லும்போதெல்லாம் இந்தத் தம்பி கதையைத்தான் ஆரம்பிப்பான். எனக்குப் புரியாதா என்ன. ஆனா ஒருநாள் வாய் தவறி, அவர் காதை அறுத்துக்கிட்டார்னும் சொல்லித் தொலைச்சுட்டான். அன்னையில இருந்து அஞ்சலாட்சி மாடிக்குக் கத்தி எடுத்துட்டுப் போக விடமாட்டா. பென்சில் சீவணும்னாக்கூட அவன் கீழ இறங்கி வந்து, அக்கா எதிர்ல உட்கார்ந்துதான் சீவணும்.

வரையிறதுக்கு அவனுக்கு டியூப்ல வர்ற வர்ணம் வேணும். அந்த விலைக்கு எங்க போறது? என் மனசு இளகிடுச்சு. "பின் ரூம்ல டின்னு டின்னா கிடக்கு, எல்லாத்தையும் எடுத்துக்கடா" அப்படின்னுட்டேன். கூடவே போய் நானே திறந்தும் குடுத்தேன். ஏரிக்கரையில எருமை படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் போடப் போறேன்னான். சாம்பல்னு எழுதின டின்னை எடுத்து நீட்டினேன். உள்ள எட்டிப் பாத்தான். மூடியைப் பாத்தான். என்னைப் பாத்தான்.

"மாமா, இது சாம்பலா?"

"பின்ன?"

அப்புறம் கொல்லையில இருந்த செம்பருத்திச் செடியைக் காட்டி, "மாமா, இங்க இருந்து பாத்தா பூ எத்தனை தெரியுது?"ன்னு கேட்டான். கிட்டப் போனாத்தானே பூ தெரியும், தூரத்துல இருந்தா செடிதான் தெரியும்னேன். அடுத்து ஒவ்வொரு டின்னா திறந்து இது என்ன நிறம், இது என்ன நிறம்னு கேக்க ஆரம்பிச்சான். காலேஜ்ல இத்தனை வருஷம் படிச்ச பையன் நிறத்தோட பேர் கூடத் தெரியாம என்கிட்ட வந்து கேக்குறானேன்னு எனக்குப் பாவமாப் போச்சு. கோவிச்சுக்காம ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி மாமா, நீங்க சொன்னபடியே போடறேன்" அப்படின்னான்.

அன்னையில இருந்து பையன் ஆளே மாறிட்டான். வானம்னா ஆகாய நீலம்னு எழுதின டின்னு. தென்னை மரம்னா தென்னம்பச்சைன்னு எழுதின டின்னு. மனுஷ உடம்புன்னா சந்தனமும் மாநிறமும் எழுதின டின்னு. மூடியில என்ன எழுதியிருக்கோ அதுக்கு அது. இதைவிட நியாயமா ஒருத்தன் வேலை செய்ய முடியுமா? சோறு தண்ணி மறந்து வரைஞ்சான். கடையில கிடந்த பழைய பிளைவுட்டு பலகை, பேனர் பின்பக்கம், ஒண்ணு விடல. மாடிக்குப் போனா எங்க ஊரு அப்படியே நிக்கும். நான் பெருமையா பாத்துட்டு வருவேன்.

இதுக்கு நடுவுல அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு. நெல்லிக்குப்பத்துக்காரங்க, நல்ல இடம். பொண்ணோட அப்பா, சித்தப்பா, புரோக்கர் எல்லாரும் மாப்பிள்ளை வீடு பாக்க வந்தாங்க. கேசரி சாப்பிட்டு, காபி குடிச்சு, எல்லாம் சுமுகமா போயிக்கிட்டிருந்துச்சு. பையன் என்ன பண்றார்னு கேட்டாங்க. நான்தான் மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

பொண்ணோட அப்பா எருமைப் படத்துக்கு எதிர்ல நின்னுட்டார். "ஏங்க, எருமை ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?"

"ரோஸா? நல்லா பாருங்க. எருமை எருமை நிறத்துலதான் இருக்கு" அப்படின்னேன்.

"தென்னை மரம் செங்கல் சூளை மாதிரி செவந்து கிடக்குதே?"

"பச்சைப் பசேல்னு இருக்கிறதை எப்படிங்க செவப்புங்கிறீங்க?"

"வானம் கத்திரிக்கா நிறத்துல இருக்கேய்யா" அப்படின்னார் சித்தப்பாக்காரர். நான் அவர் தோளைப் பிடிச்சு, கொட்டகைக்கு வெளிய கூட்டிட்டு வந்து, நிஜ வானத்தைக் காட்டி, ரெண்டையும் ஒத்துப் பாத்துக்கச் சொன்னேன். மேலயும் பாத்தார், உள்ளயும் பாத்தார், என்னையும் பாத்தார். எல்லாரும் கீழ இறங்கி, செருப்பை மாட்டிக்கிட்டுப் போனவங்கதான். ரெண்டு நாள் கழிச்சு புரோக்கர் வந்து சொல்றார், "பையன் கூடப் பரவாயில்லையாம், அந்த மாமா இருக்கிற வீட்டுல பொண்ணைக் குடுக்கத்தான் பயமா இருக்காம்." குடும்பத்தோட கண்ணு கோளாறு அவங்களுக்கு. அங்க சம்பந்தம் பண்ணாததே நல்லதாப் போச்சு.

அஞ்சலாட்சிக்குத்தான் மனசு விட்டுப் போச்சு. ஒரு பக்கம் தம்பிக்கு வழியில்ல. இன்னொரு பக்கம் கடையில வாங்குறவங்களைவிடத் திருப்பிக் குடுக்க வர்றவங்க கூட்டம் அதிகமா இருக்கு. அந்தச் சமயத்துல கலிவரதனோட கூடப் படிச்சவன் ஒருத்தன், இந்தப் படங்களைப் போட்டோ எடுத்து மெட்ராஸ்ல ஒரு அம்மாவுக்கு அனுப்பியிருக்கான். காதம்பரின்னு பேரு, கண்காட்சி வைக்கிற ஹால் வெச்சிருக்காங்க. அந்தம்மா பாத்துட்டு, இப்பவே எல்லாத்தையும் கொண்டு வாங்கன்னுட்டாங்க.

அஞ்சலாட்சி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வெச்சா. "இதோ பாருடா, இந்த ஒரு கண்காட்சி. ஒரே ஒரு படம் வித்தாலும் போதும், ஆயுசுக்கும் நீ வரைஞ்சுக்கிட்டே இரு, நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். ஒண்ணுகூட விக்கலேன்னா, பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு கடைக்கு வந்து பெயிண்ட் கலக்கணும். சம்மதமா?" அவன் முகம் சுண்டிப் போச்சு. ஆனாலும் அக்கா கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டான். அடுத்து என் பக்கம் திரும்பினா. சீட்டுப் பிடிச்சு சேத்து வெச்ச பணத்தை என் கையில குடுத்து, "அவன் படம் வித்துட்டா கடைக்கு ஆள் இல்ல. நீங்க நேரா போய் கம்ப்யூட்டர் மிஷினுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு வரணும். இல்லேன்னா இந்தக் கடை தை மாசம் பாக்காது" அப்படின்னா.

இப்ப என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. படம் வித்தா மிஷின் வரும். என் கையை நம்பாம, ஒரு தகர டப்பாவை நம்பி என் கடையிலயே நான் உட்காரணும். படம் விக்கலேன்னா மச்சினன் வருவான். வீட்டுப் பையன், சொன்ன பேச்சு கேப்பான், நான் கலக்குறதைப் பக்கத்துல இருந்து பாத்துக்கட்டும். அதனால வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்லல தம்பி, ஆனா ஒரு படமும் விக்கக்கூடாதுன்னு எங்க ஊரு அம்மனுக்கு வேண்டிக்கிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

நேத்து சாயங்காலம் கூட்டம் நல்லாத்தான் வந்துச்சு. ஏ.சி. ஹால்லு, கையில சின்னக் கப்புல சூப்பு. படிச்சவங்க கூட்டம், ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ல ரொம்ப நேரம் நின்னு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சுப் பாக்குறாங்க. வாங்கிடுவாங்க போல இருந்துச்சு. சரி, நம்மாலானதைச் செய்வோம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உண்மையைச் சொன்னேன். "இதுல புதுசா ஒண்ணுமே இல்லீங்க. எங்க ஊரு ஏரிக்கரை அப்படியே இருக்கு. எருமை இந்த நிறம்தான், மரம் இந்த நிறம்தான். கற்பனையே கிடையாது, பாத்ததை எழுதி வெச்சிருக்கான்." அவங்க மூஞ்சி வாடும்னு பாத்தா, ஒரு தாடிக்காரர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சார் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்" அப்படிங்கிறார். இன்னொரு பெரியவர் என்னை எருமைக்கு எதிர்ல நிக்க வெச்சு நிறைய கேள்வி கேட்டுட்டு, கார்டு எடுத்துக் குடுத்து, ஒரு தடவை கட்டாயம் வாங்கன்னார். கண் டாக்டராம். புது ஆஸ்பத்திரி கட்டுறார் போல, பெயிண்ட் ஆர்டர் குடுப்பார்னு நினைக்கிறேன்.

அப்புறம் சின்னதா ஒரு மீட்டிங். பத்திரிகைக்காரர் ஒருத்தர் எழுந்து, "உங்க நிறங்கள் யார்கிட்ட இருந்து வந்துச்சு? வான்கோவா?"ன்னு கேட்டார். கலிவரதன் மைக்கைப் பிடிச்சான். அவனுக்குக் கூச்ச சுபாவம், மைக்குல பாதி மூச்சுதான் கேட்டுச்சு.

"வான்கோவை நான் புத்தகத்துலதான் பாத்தேன். எங்க மாமாவை வீட்டுல பாத்தேன். காலேஜ்ல எனக்கு எல்லாரும் நிறம் சொல்லிக் குடுத்தாங்க. நான் பாக்குற ஊரும் எங்க மாமா பாக்குற ஊரும் வேற வேறன்னு அவர்தான் எனக்குக் காட்டினார். நான் வரைஞ்சது அவர் பாக்குற ஊரை."

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வேற வேறன்னு ஏன் சொன்னான்னுதான் தெரியல, ரெண்டு பேரும் பண்ருட்டிதானே. மேடையில பேசிப் பழக்கமில்லாத பையன், உளறிட்டான்.

ஆனா ஒரு படமும் விக்கல. நல்லா கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். மேஜையில உட்கார்ந்திருந்த பொண்ணுகிட்ட, வித்தா எப்படித் தெரியும்னு முன்னாடியே விசாரிச்சு வெச்சிருந்தேன். "வித்துட்டா படத்துக்குப் பக்கத்துல சிவப்புப் பொட்டு ஒட்டுவோம் அங்கிள். யாராவது யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னா பச்சைப் பொட்டு. பச்சை ஒட்டிட்டா வேற யாருக்கும் குடுக்கமாட்டோம்" அப்படின்னுச்சு. ரெண்டு பொட்டும் ஒரே அட்டையில மேஜை மேல இருந்துச்சு. சுவத்துல ஒரு பொட்டும் இல்ல. எனக்கு சூப்பு அப்பத்தான் ருசிக்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது கப்பு வாங்கிக்கிட்டு, உள் ரூம்ல என்ன இருக்குன்னு பாக்கலாம்னு போனேன்.

அங்க அஞ்சலாட்சி உட்கார்ந்திருக்கா.

எனக்குத் தெரியாம வரைஞ்சிருக்கான் தம்பி. கடை வாசல்ல, அந்தக் கால் ஆடுற ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கா. தெருமுனையில யாரோ டின்னைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க, அவங்களைப் பாத்துட்டா, எழுந்திரிக்கப் போறா. அந்த நேரத்து மூஞ்சி. பயம் இருக்கு, சலிப்பு இருக்கு, அதுக்கு மேல, "வாங்க, எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்க, அவர்கிட்ட போகாதீங்க" அப்படிங்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. எனக்குக் கல்லாவுல இருந்து அவ முதுகுதான் தெரியும். இத்தனை வருஷத்துல அந்த நேரத்துல அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. சூப்பு கப்பு கையில இருக்கிறதே மறந்து போச்சு. பக்கத்துல நின்ன ரெண்டு பொண்ணுங்க, "பச்சை முகம், ப்ளூ முடி, எவ்வளவு தைரியம் பாரு" அப்படின்னு பேசிக்கிச்சுங்க. என்ன பச்சையைக் கண்டாங்களோ. மாநிறம் அவ. என் அஞ்சலாட்சி அப்படியே உட்கார்ந்திருந்தா.

அப்பத்தான் ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துல சங்கிலி, ஊருல ரெண்டு மூணு ஹோட்டல் வெச்சிருக்கிறவராம். கூட ஒரு மேனேஜர். படத்தை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இது நல்லா பளிச்சுன்னு இருக்குய்யா. புதுக் கிளையில கை கழுவுற இடத்துக்கு மேல சுவர் காலியாத்தானே இருக்கு?" அப்படிங்கிறார். மேனேஜரும், சைஸ் சரியா இருக்கும் சார்ங்கிறான். இருங்க, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு போனை எடுத்துக்கிட்டு அவர் வெளிய போனார்.

வித்தா மச்சினன் போச்சு, மிஷின் வந்துடும், அது ஒரு பக்கம். அது கூட எனக்கு அப்ப ஞாபகம் இல்ல தம்பி, சத்தியமா சொல்றேன். வர்றவன் போறவன் எல்லாம் குழம்புக் கையைக் கழுவிக்கிட்டு, வாயைக் கொப்புளிச்சுக்கிட்டு அவளை நிமிர்ந்து பாப்பான். அது ஒண்ணுதான் கண்ணு முன்னால நின்னுச்சு. விறுவிறுன்னு மேஜைக்குப் போனேன். அந்தப் பொண்ணு யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்துச்சு. அட்டையில இருந்து ஒரு பச்சைப் பொட்டை உரிச்சு எடுத்தேன். கொண்டு வந்து அஞ்சலாட்சிக்குப் பக்கத்துல நல்லா அழுத்தி ஒட்டிட்டேன். இனி யாருக்கும் குடுக்கமாட்டாங்க, மெதுவா பேசிக்கலாம்னு நினைச்சேன்.

ஹோட்டல்காரர் வந்தார். பொட்டைப் பாத்தார். "அடடா, அதுக்குள்ள வித்துட்டாங்களா" அப்படின்னு உதட்டைப் பிதுக்கிட்டுப் போயே போயிட்டார். கார் கிளம்புற சத்தம் கூடக் கேட்டுச்சு. என்னடா இது, யோசிக்கிறாங்கன்னு ஒட்டினதை வித்துட்டாங்கன்னு சொல்றாரேன்னு நான் நிக்கிறேன். அதுக்குள்ள காதம்பரியம்மா மைக்கைப் பிடிச்சு, "முதல் ஓவியம் விற்றுவிட்டது" அப்படின்னு அறிவிச்சாச்சு. ஹாலே கை தட்டுது.

"இல்லம்மா, இல்லம்மா" அப்படின்னு ஓடினேன். "விக்கல. நான்தான் ஒட்டினேன். பச்சைப் பொட்டுதான் ஒட்டினேன்."

கை தட்டல் நின்னு போச்சு. எல்லாரும் சுவத்தைப் பாக்குறாங்க, என்னைப் பாக்குறாங்க. யாரோ ஒருத்தன் களுக்னு சிரிச்சான். காதம்பரியம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க. அதுக்குள்ள கலிவரதன் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து எனக்குப் பக்கத்துல நின்னுட்டான். பொட்டைப் பாத்தான். சிரிச்சவனை ஒரு முறை முறைச்சான்.

"ஆமா மாமா, பச்சைதான்" அப்படின்னான், எல்லாருக்கும் கேக்குற மாதிரி. "இந்த ஹால்ல பச்சைன்னாத்தான் வித்தாச்சுன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு புதுசு, மாத்திச் சொல்லிடுச்சு."

பாருங்க, வேலைக்கு ஆள் வைக்கிற லட்சணத்தை. அந்தப் பொண்ணைத் திரும்பிப் பாத்தேன், அது தலையைக் குனிஞ்சுக்கிச்சு. காதம்பரியம்மாவுக்கு என்னவோ கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. அவங்க வேலைக்கு வெச்ச ஆள் தப்பு பண்ணினா அவங்களுக்கு வருத்தமாத்தானே இருக்கும். "தப்பு எங்க மேல சார். வேண்டாம்னா எடுத்துடறேன். நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம்" அப்படின்னாங்க.

நகத்தால சுரண்டினா வந்துடும் தம்பி, அவ்வளவுதான் பொட்டு. சுரண்டிட்டா ஒரு படமும் விக்கல. ஹோட்டல்காரரும் போயாச்சு. மச்சினன் நாளைக்கே கடைக்கு வந்துடுவான், மிஷினும் வராது. நான் அம்மன்கிட்ட என்னென்ன கேட்டேனோ எல்லாம் அந்தப் பொட்டை எடுத்தா நடந்துடும். கலிவரதன் கையைப் பின்னால கட்டிக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தான்னா எனக்குக் கோபம் வந்திருக்கும், சுரண்டியிருப்பேன். அவன் கெஞ்சல. ஊரே சிரிச்சாலும், நான் ஒட்டினது பச்சைன்னு அவன் ஒருத்தன்தான் சொன்னான். உண்மையைச் சொல்றதுக்கு அங்க வேற ஒருத்தனுக்கும் துப்பில்ல. அஞ்சலாட்சியைப் பாத்தேன். அவ ஸ்டூல்ல இருந்து எழுந்திரிக்கப் போறா, எனக்காக யார்கிட்டயோ பேசப் போறா. எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி, சொல்லிக்கிறதுல என்ன இருக்கு.

"ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும்மா" அப்படின்னேன். இடுப்புல கட்டியிருந்த மிஷின் பணத்தை அவிழ்த்து மேஜை மேல வெச்சேன். கலிவரதன் அப்படியே என் கழுத்தைக் கட்டிக்கிட்டான். நேத்து மத்தியானம் வரைக்கும் படத்தைத் தொட்டுப் பூசிக்கிட்டிருந்த கை, என் சட்டையெல்லாம் பெயிண்ட்டு. என்ன பெயிண்ட்டுன்னு கேக்குறீங்களா? இதோ, காலர்ல இருக்கு பாருங்க. சாம்பல்.

இப்ப மிஷினும் இல்ல, மச்சினனும் இல்ல, பழையபடி நானும் என் கையும்தான். காதம்பரியம்மா அவனை மெட்ராஸ்லயே தங்கி வரையச் சொல்லியிருக்காங்க. வேற வர்ணத்துக்குப் போயிடாதீங்க, இதே வர்ணத்துலதான் வரையணும்னு கண்டிஷன் வேற. அதனால இனிமே கடைக்குத் திரும்பி வர்ற டின்னு எல்லாத்தையும் அவனே விலை குடுத்து வாங்கிக்கிறானாம். "நீங்க கலக்குறதை மட்டும் நிறுத்திடாதீங்க மாமா" அப்படின்னான். என் கை மேல நம்பிக்கை வெச்சவன் அவன் ஒருத்தன்தான்.

இன்னைக்குக் காலையில கிளாம்பாக்கத்துல பஸ்ஸுக்கு நிக்கும்போது அஞ்சலாட்சி போன் பண்ணினா. எடுத்ததும், "ஏதாச்சும் வித்துதா?"ன்னா.

"ஒண்ணு வித்துதுடி."

அந்தப் பக்கம் விசும்புற சத்தம். அவ அழுறதைப் புரிஞ்சுக்கிட்டேன். கறாரா பேசினவதான், ஆனா தம்பியாச்சே. மூக்கை உறிஞ்சிட்டு, "எதுங்க, எருமையா?"ன்னு கேட்டா.

"எருமை இல்ல. ஒரு பொம்பளை படம்."

"யாருங்க வாங்கினது?"

என்னத்தைச் சொல்றது? "யாரோ ஒரு பெரிய மனுஷன்டி. நல்ல ரசனை உள்ள ஆளு" அப்படின்னுட்டேன்.

"அந்த மகராசன் நல்லா இருக்கணும்ங்க. அவரு கண்ணுக்கு ஒரு குறை வராம நூறு வயசு இருக்கணும்" அப்படின்னா.

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ வாயால எனக்கு ஒரு வாழ்த்து கிடைச்சது இதுதான் தம்பி முதல் தடவை. கண்காட்சி முடிஞ்சதும் படத்தைப் பெட்டியில வெச்சு லாரியில அனுப்பிடுவாங்களாம். அது வந்து வாசல்ல இறங்குற வரைக்கும் இந்த வாழ்த்தை வெச்சு ஓட்டணும்.